வெளிச்சம் வாங்கும் டார்ச்

எங்கள் தொழிற்சாலையில் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். என்னைவிட வயதில் சின்னவள். எல்லாரும் அக்கா என்கிறபோது நான் மட்டும் என்ன விசேஷம் என்று நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். அவள் மரியாதை தெரிந்தவள், அதனால் அவளும் என்னை அக்கா என்பாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எங்களில் யார் மூத்தவள் என்று தெரியாமல் முழிப்பார்கள். முழிக்கட்டும்.

சோதனை அறையில் வேலை பார்ப்பதால் வந்த பெயர் அது. நாங்கள் செய்வது ஒளி சென்சார். அரிசி மணி அளவுதான் இருக்கும், இரண்டு கம்பிக் கால்கள் இருக்கும். ரிமோட்டை அமுக்கினால் டிவி கேட்கிறதே, ஆளைக் கண்டதும் கடைக் கதவு தானாகத் திறக்கிறதே, அங்கெல்லாம் உள்ளே எங்கள் ஆள் ஒருவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் ஒழுங்காக விழித்திருக்கிறானா என்று ஒவ்வொருவனாகப் பார்த்து அனுப்புவது இருட்டக்காவின் வேலை. அவள் தேற்றி அனுப்புவதை நாடாவில் ஒட்டிச் சுருளாகச் சுற்றுவது என் வேலை. அவள் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரைதான்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே விளக்கு வீணாக எரிந்தாலும் என் கை தானாகப் போய் அணைத்துவிடும். கழிப்பறையில் ஆள் இருக்கும்போதே அணைத்து வசவு வாங்கியிருக்கிறேன். மாடிப்படி, மீட்டிங் அறை, பிறத்தியார் வீடு எதுவும் விலக்கில்லை. அதனால்தான் என்னை அந்த அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் என்று கேலி செய்வார்கள்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் திரையை விலக்கி உள்ளே போனேன். கும்மிருட்டு. என் கை எனக்கே தெரியவில்லை.

"இந்த இருட்டுல எப்படிக்கா நாள் முழுக்க உக்காந்திருக்க?" என்றேன்.

"இருட்டா? உங்க மூக்குக்கு நேரா விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்குதுக்கா."

"எங்க?"

"இதோ." என் விரலைப் பிடித்து ஒரு சின்ன உருண்டையின்மேல் வைத்தாள். "இது அகச்சிவப்பு விளக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. இவனுங்களுக்கு நல்லாத் தெரியும். நமக்கு இது இருட்டு ரூம்பு, இவனுங்களுக்குப் பட்டப் பகல்."

அந்த அரிசி மணிக்கு எப்படி வெளிச்சம் தெரிகிறது என்று கேட்டேன். சும்மா கேட்டு வைத்தேன். அவள் வேலையை நிறுத்திவிட்டே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்த மணிகள்மேல் அப்படி ஒரு பிரியம்.

"உள்ள சிலிக்கான் சில்லு இருக்கு. ரெண்டு அடுக்கு. ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு சரிவு இருக்குன்னு வச்சுக்கோங்க. எலெக்ட்ரான் எல்லாம் அதது இடத்துல சமர்த்தா உக்காந்திருக்கும். வெளிச்சம் வந்து ஒண்ணத் தட்டி எழுப்புச்சுன்னா அது சரிவுல உருண்டு ஒரே பக்கமா ஓடிடும். அந்த ஓட்டந்தான் கரண்டு. வெளிச்சம் அதிகமானா ஓட்டமும் அதிகம். வெளிச்சமே இல்லன்னா எல்லாம் தூங்கும்."

"தூங்காம எவனாவது அலைஞ்சா?"

"அலைவானுங்க! அதுக்குத்தான் முதல்ல விளக்க அணைச்சிட்டு ஒரு தடவ பாக்கறது. இருட்டுல உக்காந்துக்கிட்டு வெளிச்சம் இருக்குன்னு புளுகுறவன் தனிப் பெட்டிக்குப் போயிடுவான்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் தோற்றார்.

அவள் வீட்டுக்காரரை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். மருந்துக் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். முதலில் அவருக்கு இருட்டினால் சாலை தெரியாமல் போயிற்று. எதிர்வண்டி விளக்கு கூசுகிறது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியவில்லை. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகி, அந்தக் குழாயும் வருஷா வருஷம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்குகிற திசு ஒன்று இருக்கிறதாம், அதில் இருக்கிற செல்லெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் அவர் சொன்னாராம், "நீ உன் டெஸ்டிங் செக்‌ஷன ஒழுங்காப் பாத்துக்கற. என் கண்ணுக்குள்ள இருக்கற டெஸ்டிங் செக்‌ஷன்ல ஒருத்தன் பாக்கி இல்லாம ரிசைன் பண்றானுங்க, பாரேன்." அவள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். இருட்டறையில் வேலை செய்வதில் அந்த ஒரு வசதி உண்டு.

கடைசியில் பகலும் போயிற்று. மனிதர் அசரவில்லை. வீட்டை விரலால் படித்துக்கொண்டார். சோறு வடிப்பார், துணி மடிப்பார், அவளுடைய யூனிஃபார்முக்கு இஸ்திரிகூடப் போடுவார். அவள் மடிப்புக் கலையாமல் வேலைக்கு வருவதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் பொறாமை. எங்கள் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது, இஸ்திரிப் பெட்டிதான் தெரியவில்லை.

அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழே பூட்டிக் கிடக்கிற கிடங்கு. தெருக் கதவைத் திறந்தால் நேரே படிக்கட்டு. ஒடுக்கமான, செங்குத்தான படி, ஒரு பக்கம் மட்டும் சுவர், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மேலே ஒரே ஒரு எல்.ஈ.டி. பல்பு. அதற்கு இரண்டு சுவிட்ச், ஒன்று தெருக் கதவுக்குப் பக்கத்தில், ஒன்று மாடி வாசலில். எதை அமுக்கினாலும் எரிகிற விளக்கு அணையும், அணைந்த விளக்கு எரியும். சுவிட்சைத் தடவிப் பார்த்து விளக்கு எரிகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. கண் தெரிகிறவர்களுக்கு இது ஒரு வசதி.

சாயங்காலம் சீக்கிரம் இருட்டுகிற மாதம் அது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் தெருக் கதவைத் திறந்ததும் வழக்கம்போலக் கீழ்ச் சுவிட்சை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. ஏற ஆரம்பித்தாள். மேலே அவருக்குக் கதவுச் சத்தம் கேட்டது. பாவம், இருட்டில் வருகிறாளே என்று எழுந்து ஓடி வந்து மேல்சுவிட்சை அமுக்கினார்.

பாதிப் படியில் அவளுக்குக் கண் கட்டிவிட்டது போல ஆயிற்று. கையில் காய்கறிப் பை. கால் வைத்த இடத்தில் படி இல்லை. அடிப் படிவரை உருண்டு வந்து விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

மாவுக்கட்டோடு அவள் வேலைக்கு வந்த அன்று நான் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். "ஒரு சாதா சுவிட்ச வாங்கிப் போட்டுத் தொலைய வேண்டியதுதானே? இதுக்கு என்ன பெரிய யோசனை?"

"சுவிட்ச இன்னைக்கே மாத்திடலாம்க்கா," என்றாள். "அவர் கை பயந்து போச்சு. அத எந்தக் கடையில குடுத்து மாத்தறது?"

பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து அவர் எதையும் தொடுவதில்லை. சுவிட்சை மட்டும் இல்லை, அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, எதையும். காலையில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தால் சாயங்காலம் அதே நாற்காலியில் இருக்கிறார். டிவி ரிமோட் மட்டும் கையில் இருக்கிறது. கேட்டால், "நான் ஒண்ணயும் தொடலம்மா. நான் தொட்டா உனக்குத்தான் ஆகாது" என்கிறார். கிண்டல் சுத்தமாக நின்றுவிட்டது.

"கண்ணு போனப்பகூட நான் பயப்படலக்கா. அவர் இருந்தார். இப்ப அவரும் போயிடுவாரோன்னு இருக்கு."

நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தலைகீழாகச் சுற்றியிருக்கிறேன், பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன்.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டிலிருந்து ஒரு பழைய டார்ச்சைக் கொண்டுவந்தாள். அவருடைய வேனில் கிடந்தது, தடிமனான உலோக டார்ச். அதன் முகப்பில் பல்பு இருந்த இடத்தில் ஒரு சென்சாரை வைப்பது, உள்ளே ஒரு சின்ன சர்க்யூட், பின்பக்கம் ஒரு பஸ்ஸர். எந்தப் பக்கம் நீட்டினாலும் அங்கே வெளிச்சம் இருந்தால் கத்த வேண்டும், வெளிச்சம் கூடக் கூடச் சத்தம் கீச்சென்று மேலே போக வேண்டும், இருட்டென்றால் சும்மா இருக்க வேண்டும்.

"இத்தன நாள் வெளிச்சம் குடுத்துது. இனிமே வெளிச்சம் வாங்கட்டும்," என்றாள்.

சர்க்யூட்டை மெயின்டெனன்ஸ்காரர் போட்டுத் தந்தார். சென்சாருக்கு சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். எங்கள் சூப்பர்வைசர் சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. "ரிஜெக்ட் பெட்டியில எடுத்துக்கங்க" என்றார்.

"ரிஜெக்ட் வேணாம் சார். அது பொய் சொல்லும். அவருக்கு இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு வேணும்."

அவர் கொஞ்ச நேரம் அவளுடைய மாவுக்கட்டைப் பார்த்தார். "நல்லதாவே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமலே போனார்.

அவள் பொறுக்கினாள் பாருங்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்கினாள். மகளுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். எங்களிடம் இரண்டு ஜாதி சென்சார் உண்டு. ஒன்று கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். இன்னொன்று முழுக் கறுப்பு. ஒவ்வொன்றாகச் சோதனைக் கருவியில் போட்டு விளக்கை அணைத்துப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். இருட்டில் துளி அசையாமலும் விளக்கில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரியும் ஒருவன் கிடைத்தான். கறுப்பன். "இவன்தான் மாப்பிள்ளை" என்றாள்.

அவளுக்கு ஒரு கைதான் இருந்ததால் பற்றவைக்கும்போது பிடித்துக்கொண்டது நான். ஆள்காட்டி விரலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. முடித்து, திரைக்கு உள்ளே எடுத்துப் போய், அந்தக் கண்ணுக்குத் தெரியாத விளக்கின்முன் நீட்டினோம். கீ என்று ஒரு கத்து. சூப்பர்வைசர் ஓடி வந்துவிட்டார். விளக்கை அணைத்தாள், கப்சிப். இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

விடுமுறை நாளில் அதை அவர் கையில் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்றிருக்கிறார். கையைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். நல்ல வெயில். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினாராம். சத்தம் ஏறி, ஏறி, உச்சிக்குப் போனதும் நின்றுவிட்டார். "இங்க இருக்கான்," என்றார். "ஏய், சூரியன் இங்கதானே இருக்கான்?" அவள் ஆமாம் என்றாள். அவர் டார்ச்சைத் தாழ்த்தவே இல்லை, கை வலிக்கிற வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இதைச் சொல்லும்போது அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. அன்றைக்குச் சுருள் எதுவும் ஒழுங்காகப் போகவில்லை.

அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் தெம்போடு படிக்கட்டின் தலைமாட்டில் வந்து நின்றிருக்கிறார். அவள் கீழ்ச் சுவிட்சை அமுக்கி விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினாள். காலடி கேட்டதும் அவர் டார்ச்சைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டினார். டார்ச்சுக்கு மூச்சுப் பேச்சு இல்லை. ஐயோ, இருட்டில் ஏறுகிறாள் என்று சுவிட்சை அமுக்கினார்.

இந்தத் தடவை அவள் விழவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிட்டாள். காலடி பாதியில் நின்றது அவருக்குக் கேட்டது.

"அணைச்சிட்டேனா?" என்று கேட்டார்.

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஆமாங்க" என்றாள்.

அவர் உள்ளே போய், டார்ச்சைச் செருப்பு அலமாரியில் கடைசித் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "நல்ல சாமான்தான் பண்ணியிருக்க. என் கைக்கு வந்தா எதுவும் வேலை செய்யாது," என்றார். இரவு சாப்பிடவில்லை.

அவள் டார்ச்சைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து மறுபடி சோதித்தாள். சோதனை அறையில் முதல் மார்க். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டு விளக்கில் நீட்டினாள். ஊமை. மறுபடி இங்கே கொண்டுவந்தாள், காது கிழிகிற மாதிரிக் கத்துகிறது. "உன் வீட்டுல அதுக்கு என்ன கூச்சம், மாமியார் வீடா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. முகம் காய்ந்துபோயிருந்தது. எத்தனையோ வருஷமாக லட்சம் லட்சமாகத் தேற்றி அனுப்பியவளுக்கு, தன் வீட்டுக்கு வேண்டிய ஒன்றைத் தேற்றத் தெரியவில்லையே என்று ஆற்றாமை. அதைவிட, அவர் அந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவாரோ என்கிற பயம்.

அன்று டார்ச்சை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். ஆன் செய்தது செய்தபடி இருந்திருக்கிறது. மறுநாள் அவள் வேலைக்கு வந்த பிறகு அவர் டிவியில் வேறு சானல் மாற்ற ரிமோட்டை அமுக்கினார். டார்ச் குருவி மாதிரிக் கிரீச் கிரீச் என்றது. விரலை எடுத்தார், நின்றது. மறுபடி அமுக்கினார், கிரீச் கிரீச்.

அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

சாயங்காலம் அவள் தெருக் கதவைத் திறந்தபோது மேலே அவர் நின்றுகொண்டிருந்தார். "அங்கேயே நில்லு! சுவிட்ச நீயே போடு, நான் தொட மாட்டேன். ஏறி வா, உன் மாப்பிள்ளையப் பத்தி ஒரு புகார் இருக்கு," என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு ஏறினாள். பழைய குரல்.

"என்னங்க?"

"காலைலருந்து ஊரச் சுத்திக் காட்டினேன் அவனுக்கு. ஜன்னல்ல வெயில், கத்தறான். தீக்குச்சி கிழிச்சேன், கத்தறான். குளியலறையில பழைய குண்டு பல்பு இருக்கு பாரு, அதத் தொட்டுப் பாத்தேன், சுட்டுது, அதுக்கும் கத்தறான். ஹால்ல டியூப் லைட்டு, கண்டுக்கவே மாட்டேங்கறான். சுட்டாத்தான் மதிப்பான் போலிருக்குன்னு நெனச்சேன். ஆனா ரிமோட்டுக்குக் கத்தறானே, ரிமோட்டு சுடலையே? அதான் எனக்குக் கணக்கு உதைக்குது."

அவள் பாதிப் படியில் நின்றாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாவுக்கட்டுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

கறுப்பன் கறுப்பாக இருப்பதே கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுக்கத்தான். ரிமோட் விடுகிற அகச்சிவப்பு மட்டும் உள்ளே போகும், வீட்டு விளக்கு தொந்தரவு செய்யாது. டிவிக்கு அதுதான் வேண்டும். வெயிலிலும் தீயிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளம், அதனால் கத்தினான். டியூப் லைட்டிலும் எல்.ஈ.டி. பல்பிலும் அது கிட்டத்தட்ட இல்லை. எங்கள் சோதனை அறையில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத அதே விளக்கு. அதில் முதல் மார்க் வாங்கினவன் மாடிப்படி விளக்கில் குருடன். கறுப்பு எதற்கு என்று எங்கள் செக்‌ஷனில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அவளும் சொல்வாள். ஆனால் அத்தனை வருஷம் அந்த ஒரு விளக்கிலேயே எல்லாரையும் எடைபோட்டுப் பழகியவளுக்கு, மற்ற மனிதர்கள் வீட்டில் போடுகிற விளக்கில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. பிடித்துக்கொண்டு விரலைச் சுட்டுக்கொண்டது மட்டும்தான் மிச்சம்.

"என்னம்மா சத்தமே காணோம்? அழறியா சிரிக்கிறியா?" என்று மேலேயிருந்து கேட்டாராம்.

"ரெண்டும்," என்றாள். "நீங்க குருடு இல்லங்க, உங்க டார்ச்சுதான் குருடு. கூலிங் கிளாஸ் போட்ட ஆளைக் கொண்டுவந்து உங்ககிட்ட குடுத்துட்டேன்."

"நல்ல ஆளப் புடிச்ச போ. நீயும் என்னை அப்படித்தானே புடிச்ச."

அவர் தடவித் தடவி இறங்கி வந்து அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விழுந்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் தொட்டதே இல்லை.

மறுநாள் தெளிவான ஜாதியில் ஒருவனைப் போட்டாள். எங்கள் மேசைக் கணக்கில் அவன் இரண்டாம் தரம். படிக்கட்டு விளக்கைக் கண்டதும் வாயைத் திறந்தான். அதன் பிறகு அவர் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்க முடியவில்லை. வெயிலின் சத்தம் வழுவழுவென்று இருக்கும், கரண்டு விளக்கின் சத்தத்தில் ஒரு கரகரப்பு இருக்கும் என்று எங்களுக்கே தெரியாததைக் கண்டுபிடித்து அவளிடம் சொன்னார். விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு காதுக்குக் கேட்கிறது என்றாள் அவள். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் மறுபடி வர ஆரம்பித்தது. எங்கள் பொறாமையும்தான்.

மாவுக்கட்டு பிரித்த அன்று, டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்போது இருட்டிவிட்டது. அவள் சட்டென்று நின்று, "பாருங்கக்கா," என்று காட்டினாள். அவர்கள் வீட்டுப் படிக்கட்டின் சின்ன ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. நாங்கள் இன்னும் கதவைக்கூடத் தொடவில்லை.

"இப்பல்லாம் கீழ்ச் சுவிட்ச நான் தொடறதே இல்ல," என்றாள். கல்யாணமான புதிதில் பெண்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசையாக இருந்தது.

கதவைத் திறந்து ஏறினோம். மேலே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச்சைப் படிக்கட்டின்மேல் நீட்டிப் பிடித்திருந்தார். சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அவள் விளக்குக்குக் கீழே போனதும் நிழல் விழுந்து சத்தம் தாழ்ந்தது, பிறகு ஏறியது. பின்னால் நான் போனேன், மறுபடி தாழ்ந்தது.

"வந்துட்டியா," என்றார். "கூட யாரு? ரெண்டு தடவ இறங்குச்சே. ரெண்டாவது கொஞ்சம் அகலமா இருந்துச்சு. பேக்கிங் அக்காவா?"

வாய்க்கொழுப்பு அப்படியே திரும்பி வந்திருந்தது. திட்டிக்கொண்டே உள்ளே போனேன். டீ அவர்தான் போட்டார், சர்க்கரை தூக்கலாக.

விடைபெற்றுக்கொண்டு நான் தனியாக இறங்கினேன். கீழே வந்து கதவைத் திறந்ததும் என் கைக்கு அதன் வியாதி வந்துவிட்டது. ஆளில்லாத படிக்கட்டில் எதற்கு விளக்கு என்று சுவிட்சை அமுக்கிவிட்டேன். படிக்கட்டு இருண்டது, மேலே டார்ச்சின் சத்தமும் நின்றது.

ஒரு மூச்சு விடுவதற்குள் மேலே சுவிட்ச் சத்தம் கேட்டது. விளக்கு மறுபடி எரிந்தது.

"அக்கா," என்று அவர் குரல் வந்தது. "அத நான் போட்டதுக்கா."

என் கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

"எரியட்டும் தம்பி," என்றேன். தெருவில் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகும் அந்தச் சின்ன ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.